மூடியில் போட்ட எண்

எனக்கும் மெக்கானிக்கம்மாவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் என் தையல்கடை, அந்தப் பக்கம் அவளுடைய பட்டறை. அவள் சுத்தியலை எடுத்தால் என் சுவரில் தொங்குகிற சட்டையெல்லாம் ஆடும். பதினேழு வருஷமாக ஆடுகிறது, ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு கம்பெனிக் கவுன்டரில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன் என்றால் சும்மா கத்தியிருப்பேனா?

முதலில் அவளுடைய பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டறைச் சுவரில் நாலு தினசரி காலண்டர் மாட்டியிருப்பாள். வண்டி ஒன்று உள்ளே வந்தால் எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி, அன்றைய தேதித் தாளைக் கிழித்து, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு வைப்பாள். ஓரத்தில் வண்டி நம்பரையும் ஓடின கிலோமீட்டரையும் எழுதி வெயிலில் காயவிடுவாள். காய்ந்ததும் அந்த வண்டிக்கென்று தொங்குகிற கம்பியில் குத்திவிடுவாள். அந்தச் சொட்டு விரிந்திருக்கிற விதத்தைப் பார்த்தே என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். நடுவில் தார் மாதிரி கட்டியிருந்தால் அழுக்கு. வெளியே வெளிறின வட்டம் அகலமாக ஓடியிருந்தால் எண்ணெயில் பெட்ரோல் இறங்கியிருக்கிறது. அவள் இப்படிக் கிழித்துக் கிழித்து, அந்தப் பட்டறையில் எப்போது போனாலும் காலண்டர் நாளைக்குத்தான் இருக்கும். ஜாதகம் பார்க்கிறாள் என்று தெருவே கிண்டல் செய்தது. நானும் செய்திருக்கிறேன்.

அவள் புருஷனுக்குத் தெருவில் வைத்த பேர் நிதானம். வேன் ஓட்டுகிறவன். காலையில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலையில் விடுவான், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவான். மெதுவாகப் போவான், மெதுவாகப் பேசுவான், எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவான். மாத்திரை அட்டையில் இருக்கிற பொடி எழுத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் விழுங்குவான். நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய வேனைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினான். சின்ன என்ஜின், ஆனால் பெரிய வண்டியின் இழுப்பு இழுக்கும் என்று விளம்பரம். முன்மூடியைத் தூக்கினால் எண்ணெய் ஊற்றுகிற வாயில் ஒரு கறுப்பு மூடி, அதில் வெள்ளை எழுத்தில் எந்த எண்ணெய் என்று எண் போட்டிருக்கும். 0W-20. பட்டறை பாஷையில் இருபது.

அந்த எண் என்ன சமாசாரம் என்று எனக்கு அவள்தான் விளக்கினாள். முன்னால் இருக்கிற எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கிற எண் என்ஜின் கொதிக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இருபது என்றால் தண்ணியானது, முப்பது என்றால் அதைவிடக் கெட்டி. நான் தையல் மெஷினுக்கு ஊற்றுகிற எண்ணெயும் தண்ணியாகத்தான் இருக்கும், மெஷின் பூவாக ஓடும். அதனால் இருபதில் என்ன குறை என்று கேட்டேன்.

“குறையே இல்லக்கா. பக்கத்துத் தெரு வாத்தியார் காருக்கு நானே இருபதுதான் ஊத்துறேன். அவர் ஒத்தை ஆளு, நீண்ட ரோட்டுல ஒரே சீராப் போறாரு. அந்த என்ஜின் நூறு வயசு இருக்கும். ஆனா நம்ம வேன் எட்டுப் பேரைச் சுமந்துக்கிட்டு, சிக்னல் சிக்னலா நின்னு நின்னு, நாலு கிலோமீட்டர் போறதுக்குள்ள இறக்கிவிட்டு, ஏசி போட்டுக்கிட்டு நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டு இருக்கு. இந்தப் புது என்ஜின்ல, முழுசா எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா கீழ எண்ணெய்ல இறங்கும். ஏற்கெனவே தண்ணியா இருக்கிறது இன்னும் தண்ணியாயிடும். உள்ள ரெண்டு இரும்புக்கு நடுவுல இருக்கிறது அந்த எண்ணெய்ப் படலம் மட்டும்தான். அது கிழிஞ்சா இரும்பும் இரும்பும் தேய்க்கும்.”

அப்புறம் ஏன் இருபது என்று போடுகிறார்கள் என்றேன். தண்ணி எண்ணெய் என்றால் என்ஜின் லேசாகச் சுற்றும், லிட்டருக்குக் கொஞ்சம் கூட ஓடும், அந்தக் கொஞ்சத்தை அரசாங்கத்தின் மைலேஜ் சட்டத்துக்கும் காட்டலாம், விளம்பரத்திலும் போடலாம் என்றாள். அது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை, எல்லா வண்டியும் ஒரே மாதிரி ஓடும் என்று நினைப்பதுதான் குற்றம் என்றாள்.

முதல் மாதம் ஒன்று, வருஷ முடிவில் ஒன்று, முதல் இரண்டு சர்வீஸ் கம்பெனியில்தான். இலவசம், அதனால் அங்கேதான் விடவேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றினால் போதும் என்றும் அவர்கள்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டு வாசலில் நிற்கிற வேனின் கம்பியை உருவி இவள் ஒரு சொட்டு வைத்துவந்தாள். ஆறாவது மாதத்திலேயே தாளை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து முகம் சுளித்தாள். பெட்ரோல் வாடை. கம்பெனியில் போய்ச் சொல்லு என்றாள். நிதானம் போய்ச் சொன்னான். இந்த என்ஜினுக்கு அது சகஜம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வருஷம் மறுபடி போனான். மறுபடியும் அதே சகஜம்.

இரண்டு வருஷம் முடிந்து, மூன்றாவது சர்வீஸிலிருந்து வண்டி இவள் கைக்கு வந்தது. முப்பதுதான் ஊற்றப்போகிறேன் என்றாள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். கடும் வெயிலிலும் நிறைந்த பாரத்திலும் ஓட்டுகிறவர்கள் முப்பதும் ஊற்றலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நிதானம் புத்தகத்தை வாசித்தான், வெளியே போய் மூடியை வாசித்தான், திரும்பி வந்தான்.

“மூடியில இருபதுன்னுதானே இருக்கு” என்றான்.

“புத்தகத்துல முப்பதும் இருக்குல்ல.”

“புத்தகம் எல்லாருக்கும் அடிச்சது. மூடி என் வண்டி மேல இருக்கு. இருபதுதான் ஊத்தணும்.”

மூன்று நாள் இந்தப் பேச்சு. நாலாவது நாள் அவள் சரி என்றுவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் என்னைச் சுவரில் தட்டிக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் காலியான இருபது எண்ணெய் கேன் ஒன்றைக் கழுவித் துடைத்துக் காயவைத்திருக்கிறாள். பக்கத்தில் புது முப்பது. “அக்கா, இந்தப் புனலைக் கொஞ்சம் பிடிங்க” என்றாள். நான் பிடித்தேன். முப்பது இருபதின் கேனுக்குள் போயிற்று. சாயங்காலம் நிதானம் பக்கத்தில் நின்று கண்குளிரப் பார்த்திருக்க, கேனின் எண் அவன் பக்கம் தெரிகிற மாதிரி பிடித்து ஊற்றினாள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்தோம். புருஷனைத் திருத்த முடியாத பொம்பளை செய்கிற சாதாரண சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

எட்டாவது மாதம், மண்டையைப் பிளக்கிற வெயிலில், வேன் நடுரோட்டில் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தது. மெக்கானிக்கம்மா போன் வழியாகவே சத்தத்தைக் கேட்டுவிட்டு உடனே நிறுத்தச் சொன்னாள். என்ஜினுக்குள் சுற்றுகிற தண்டைத் தாங்கும் பேரிங் போய்விட்டது. உத்தரவாதக் காலம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதனால் கம்பெனிக்கே இழுத்துக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மூன்று பேருமாகப் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, இலவசக் காபி. அங்கே ஒரு சூப்பர்வைசர். நகத்தில் துளி அழுக்கில்லை. சீட்டைப் படிக்கிற தொனியில் சொன்னான், என்ஜினில் இருந்தது கம்பெனி சொன்ன எண்ணெய் இல்லை, பரிசோதனையில் முப்பது என்று வந்திருக்கிறது, ஆகையால் உத்தரவாதம் செல்லாது, என்ஜின் கெட்டதற்கு வெளியாள் ஊற்றின தவறான எண்ணெய்தான் காரணம் என்று.

நிதானம் எழுந்து நின்றான். அவன் குரல் உயர்ந்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். “சார், என் பொண்டாட்டி ஊத்துனது இருபதுதான். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். கேன்ல இருந்த நம்பரை என் கண்ணால படிச்சேன். என் புள்ளைங்க மேல சத்தியம் சார்.”

மெக்கானிக்கம்மா தரையைப் பார்த்தாள். நான் என் காபியைப் பார்த்தேன்.

அவள் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். நானாவது சொல்லியிருக்கவேண்டும். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்துவிட்ட ஒருத்தனை அத்தனை பேர் நடுவில் எப்படிப் பொய்யனாக்குவது என்று வாய் எழும்பவில்லை. அதற்குப் பதில் அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்து, முப்பதே ஊற்றியிருந்தாலும் இதில் இடம் இருக்கிறதே என்று கேட்டாள்.

சூப்பர்வைசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது வேற நாட்டுக்குப் போற வண்டிக்கு மேடம்” என்றான்.

“என்ஜின் ஒண்ணுதானே? தான் எந்த நாட்டுல ஓடுறோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

பின்னால் காத்திருந்த ஒருவர் சிரித்தார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. பரிசோதனைத் தாளை நிதானத்தின் முன்னால் தள்ளி, எண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்தான். எழுத்தில் இருந்தது. நிதானம் அதை இரண்டு தடவை வாசித்தான். மூன்றாவது தடவை தாளைப் பார்க்கவில்லை, பொண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அங்கே இருந்ததையும் வாசித்துவிட்டான். பிறகு சூப்பர்வைசர் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டான். தவறான எண்ணெயை உபயோகித்ததால் என்ஜின் பழுதானது என்பதை ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. அவ்வளவு தயாராக அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேரிடம் வாங்கியிருப்பார்கள். அப்போதுதான் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகமில்லை. காவலாளி வந்து என் முழங்கையைத் தொட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கையெழுத்து ஊரெல்லாம் சுற்றிவந்தது. கம்பெனிக் கவுன்டரில் வேறு யார் போய்ப் பட்டறைப் பேச்சை எடுத்தாலும், வெளியில் விட்டால் அந்த வேன்காரர் கதிதான், அவர் பொண்டாட்டியே மெக்கானிக், அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார்களாம். ஒரு மாதத்தில் பட்டறையில் ஈயாடியது. வாத்தியார் மட்டும் வந்தார். மாமியார் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மருமகள் கையால் மகன் பிழைப்புப் போயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மகனுடைய பழைய வேனைப் பன்னிரண்டு வருஷம் ஓடவைத்தது எந்தக் கை என்று நான் கேட்டதிலிருந்து என்னோடு பேச்சில்லை. எனக்கு அதில் நஷ்டமில்லை.

நிதானம் திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. அவன் செய்தது அதைவிட மோசம். அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அவள் சொல்வதை மட்டும் நம்பாமல் இருந்தான். மழை வரும் என்றாள் என்றால் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பான். குழம்பில் உப்புப் போட்டாயிற்று என்றாள் என்றால் நக்கிப் பார்ப்பான். வாடகைக்கு ஒரு வேன் எடுத்து ஓட்டினான், அதை அவள் தொடக்கூடாது என்றான்.

ஒருநாள் மத்தியானம் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க என் கடைக்கு வந்தான். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. உட்கார் என்றேன். சுவரில் தட்டி அவளையும் கூப்பிட்டேன். அவள் கையில் வேஸ்ட் துணியோடு வந்து வாசலில் நின்றாள்.

“புனலைப் பிடிச்சது நான்தான்” என்றேன் அவனிடம். “திட்டுறதுன்னா என்னையும் சேர்த்துத் திட்டு.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினான். “முப்பது ஊத்துனதுக்கு எனக்குக் கோபம் இல்ல. எனக்கு எண்ணெய் பத்தி என்ன தெரியும்? நீ கேனைத் திருப்பித் திருப்பிக் காட்டுன பாரு, அதான். புள்ளைங்க மேல சத்தியம் பண்ண வெச்சுட்ட.”

“தப்புதான்” என்றாள் அவள். “மூணு நாள் சொன்னேன், நீ மூடியைத்தான் நம்புன. நாலாவது நாளும் சண்டை போட்டிருக்கணும். எனக்குச் சலிச்சுப்போச்சு, ஏமாத்திட்டேன். அது என் தப்பு. ஆனா என்ஜின் போனது என் தப்பு இல்ல. அது ரெண்டும் வேற வேற.”

“எப்படி நம்புறது?”

அவள் பட்டறைக்குப் போய் வேனுக்கென்று தொங்கின கம்பியையே கழற்றிக்கொண்டு வந்தாள். நூற்று முப்பது தாளுக்கு மேல் இருக்கும். வெட்டுப் பலகையில் இருந்த துணியை நான் ஒதுக்கினேன். தேதி வரிசையில் பரப்பினாள். முதல் மாதத்துச் சொட்டு சின்னதாக, பழுப்பாக. போகப்போக வெளிறின வட்டம் அகலமாகிக்கொண்டே போயிற்று. இரண்டாவது வருஷத் தாள்களை எடுத்து வாசல் வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். கறுப்புக்கு நடுவில் மினுக் மினுக்கென்று ஏதோ தெரிந்தது. ஜரிகைப் புடவையை வெட்டினால் கத்தரியில் ஒட்டுமே, அந்தத் தூள் மாதிரி. பேரிங் தேய்ந்த பொடி. என் கை முதலில் பட்டது அதற்கு நாலு மாதம் கழித்து என்றாள். முப்பது ஊற்றின பிறகு விரிந்த சொட்டுகளில் மினுக்கல் குறைந்திருந்தது, நிற்கவில்லை. போனது போனதுதான், கொஞ்சம் நாள் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான் என்றாள்.

நிதானம் ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பித் தேதியை வாசித்தான். முழுசாக ஒரு மணி நேரம். அச்சடித்த தேதி, அவள் கையெழுத்தில் கிலோமீட்டர். கடைசித் தாளை வைத்துவிட்டு, “எழுதித்தான் வெச்சிருக்கே” என்றான். அன்றைக்குச் சாயங்காலம் தாள்களைக் கம்பியில் குத்தி எடுத்துக்கொண்டு அவனே கம்பெனிக்குப் போனான்.

காலண்டர் தாளை எல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வழியில்லை என்றானாம் அந்தச் சூப்பர்வைசர். சொட்டு வைத்துக் குறி பார்க்கிறது எல்லாம் பழைய காலம் சார் என்று வேறு சொன்னானாம். அவர்களே இரண்டு தடவை சகஜம் என்று சொல்லி அனுப்பினதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, அப்படி ஒரு பதிவு எங்களிடம் இல்லை என்றானாம். இருக்குமா? அவர்களுக்கு வேண்டாதது எது எழுத்தில் இருக்கும்?

பிறகு மெக்கானிக்கம்மா வேனையும் என்ஜினையும் பட்டறைக்கே கொண்டுவரச் சொன்னாள். என்ஜினைப் பட்டறை நடுவில் இறக்கிக் கட்டைகளின் மேல் நிறுத்தினாள். க்ராங்க் தண்டைக் கடைசல் கடையில் கொடுத்துத் தேய்த்துவாங்கி, புதுப் பேரிங் போட்டு, எண்ணெய் போகிற ஒவ்வொரு துளையையும் கம்பி விட்டுக் காற்றடித்துச் சுத்தம் செய்தாள். மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகின இடத்தில் பக்கெட்டை வைத்துவிட்டு வேலை பார்த்தாள். நிதானம் ஓட்டம் முடிந்து வந்து விளக்கைப் பிடித்தான், கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். ஏழு வாரத்தில் வேன் கிளம்பியது. எண்ணெய் ஊற்றும்போது முப்பதை அதன் சொந்தக் கேனிலிருந்தே ஊற்றினாள். அவன் கேனைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் வாடிக்கை திரும்பவில்லை. அந்தக் கையெழுத்து அங்கேதானே இருந்தது.

அடுத்த கோடை தொடங்கும்போது தபாலில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. கம்பெனி முத்திரை. உள்ளே ஒரு கறுப்பு மூடியும் ஒரு கடிதமும். உங்கள் என்ஜினின் மேம்பட்ட பாதுகாப்பைக் கருதி இனி 5W-30 எண்ணெயையே உபயோகிக்கவும், பழைய மூடியைக் கழற்றிவிட்டு இத்துடன் உள்ள புதிய மூடியைப் பொருத்தவும், தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. மூடியில் வெள்ளை எழுத்தில் முப்பது.

தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. வருத்தம் என்று அரை வார்த்தை இல்லை. ஒரு மூடி. ஒரு பொம்பளையின் பேரைத் தெருத்தெருவாக நாறடித்துவிட்டு, அவள் சொன்னதையே மூடியில் அச்சடித்து அவளுக்கே அனுப்பிவைத்து, ஒத்துழைப்புக்கு நன்றி என்கிறார்கள். கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அந்தக் கடிதத்தை நான் மறுபடி வாசித்தேன். வைத்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலையில் நிதானம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினான். நானும் தொற்றிக்கொண்டேன். கவுன்டரில் கூட்டம். மூடியைச் சூப்பர்வைசரின் மேஜை மேல் வைத்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மெதுவாகத்தான் பேசினான்.

“நான் போட்ட கையெழுத்தைத் திருப்பிக் கொடுங்க. அதை அடிச்சிட்டுப் போறேன்.”

கோப்பு தலைமை அலுவலகத்தில் இருக்கிறது, திருப்பித்தர முறையில்லை, இது அதோடு சம்பந்தப்பட்டதில்லை, வெறும் பரிந்துரை மாற்றம்தான் என்றான் சூப்பர்வைசர். நிதானம் கேட்டுக்கொண்டான். பிறகு கவுன்டர் சுவரில் இருந்த தினசரி காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்தான். சார் சார் என்றான் சூப்பர்வைசர். மேஜையில் இருந்த அவனுடைய பேனாவையே எடுத்து, நின்றபடி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். என் மனைவி ஊற்றிய எண்ணெய் சரியானது. அதனால் என்ஜின் கெடவில்லை. கெட்டது என்று நான் முன்பு போட்ட கையெழுத்து தவறு. கீழே வண்டி எண், கிலோமீட்டர், கையெழுத்து. வரிசையில் நின்ற இரண்டு பேர் பட்டறை எந்தத் தெரு என்று என்னிடம் கேட்டார்கள். நான் கடை அடையாளம் வரை சொன்னேன்.

பட்டறைக்கு வந்து தாளை அவளிடம் நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு தடவை வாசித்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“கேனை மாத்துனதை எழுதலையே” என்றாள்.

“அது நமக்குள்ள. அது எதுக்கு?”

“எழுது. எனக்கு வேண்டாததை விட்டுட்டு எழுதுனா இதுவும் அவங்க தாள் மாதிரிதான் இருக்கும்.”

அவன் யோசித்தான். பிறகு தாளைப் பெஞ்சின் மேல் வைத்து, கேனை மாற்றி என்னை ஏமாற்றினாள் என்று ஒரு வரி சேர்த்தான். அதன் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். விரலில் இருந்த எண்ணெய் ஓரத்தில் ஒட்டிப் பழுப்பாக ஒரு வட்டம் விரிந்தது. மிச்சம் இருந்த இடத்தில், புனலைப் பிடித்தது நான் என்று எழுதி நானும் போட்டேன். மெக்கானிக்கம்மா அதை வெயிலில் காயவைத்து, வேனின் கம்பியில் மேலாகக் குத்தினாள்.